ஆன் சம்வே-குக்

ஆன் சம்வே-குக் அமெரிக்க இயன்முறை மருத்துவர் ஆவார். வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். நரம்பியல் மறுவாழ்வு, உடற்சமநிலை, முதியோர் கீழே விழுதலைத் தடுத்தல் ஆகியன இவரது ஆய்வுத் துறைகள்.

சமநிலைச் சோதனை

தடுமாறாமல் நிற்கத் தசை வலிமை மட்டும் போதாது. கண், உட்காது, பாதம் ஆகியவை தரும் உணர்வுகளை மூளை ஒருங்கிணைக்க வேண்டும். இவற்றில் எதில் குறை உள்ளது என அறிய, பே ஓரக் என்பவருடன் இணைந்து 1986-ஆம் ஆண்டில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். நோயாளி உறுதியான தரையிலும் நுரை மெத்தையிலும் நிற்பார். இரண்டிலும் கண்களைத் திறந்தும், மூடியும், பார்வையைக் குழப்பும் கூடு ஒன்றை அணிந்தும் நிற்பதால் மொத்தம் ஆறு நிலைகள். மெத்தைமேல் கண்மூடி நிற்கும்போது உட்காதையே பெரிதும் நம்ப வேண்டும். அந்நிலையில் தடுமாறுபவருக்கு உட்காதுக் குறைபாடு இருக்கலாம். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத மருத்துவமனைகளிலும் இச்சோதனையைச் செய்ய முடியும்.

பிற பணிகள்

மார்சரி உல்லகாட்டுடன் இணைந்து 1995-இல் இவர் வெளியிட்ட இயக்கக் கட்டுப்பாடு பற்றிய நூல், இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான பாடநூலாகப் பல பதிப்புகள் கண்டது. நடக்கும்போது சமநிலையை எட்டுச் செயல்களால் மதிப்பிடும் அளவுகோலையும் இவர்கள் உருவாக்கினர். இதன் உச்ச மதிப்பெண் 24. குறைந்த மதிப்பெண் பெறும் முதியவருக்கு விழும் ஆபத்து அதிகம் என்பதால், அவர் விழுவதற்கு முன்பே பயிற்சியைத் தொடங்கலாம்.