விரல் வீக்கத்திற்குக் குளிர்தான் காரணமா?

"ரெனான் குளிர்தான் டொக்டர், விரல் மடங்குதில்லை" என்று சொல்வோர் பலர். ஆனால் காலையில் அரை மணித்தியாலத்திற்கு மேல் விரல் மூட்டுகள் இறுகி, வீங்கியும் இருந்தால் குளிரை மட்டும் குறை சொல்லாதீர்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம்.

எமது புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதியம் சிற்றுலினாக மாற்றுகிறது. இது எல்லோரிலும் நடப்பதே. சிலரில் மட்டும், உருமாறிய புரதத்தை உடல் அந்நியப் பொருளென எண்ணி, அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998 இல் இதனைக் காட்டினர். 'அன்ரி-சிசிபி' இரத்தப் பரிசோதனை இவற்றையே தேடுகிறது. நோய் வெளித்தெரியப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவை இரத்தத்தில் இருக்கக்கூடும். பரிசோதனையில் இவை இல்லையென்றாலும் நோய் இருக்கலாம்.

சிற்றுலின் என்ற பெயர் வத்தகப்பழத்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. அதற்காகப் பழத்தை ஒதுக்க வேண்டாம், சிகரெட்டை ஒதுக்குங்கள். புகைத்தல் நுரையீரலில் இம்மாற்றத்தைக் கூட்டுகிறது.

எண்ணெய் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. வீக்கம் தொடங்கிய சில வாரங்களுக்குள் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். இன்று நல்ல மருந்துகள் உண்டு. நேரத்தோடு தொடங்கினால்தான் முழுப் பலன்.