காலுக்கும் ஒரு பிறஷர் உண்டு
நாடியின் வழியே – 9

மயிலிட்டித் துறைமுகத்தில் விடிய மீன் இறங்கும் நேரம். கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் பாதிவழியில் நின்று கடலைப் பார்த்தார். கொஞ்சத்தால் நடந்தார். முன்னர் நடந்த அதே தூரம் போனதும் மறுபடி நின்றார். மறுபடி கடல்.

"என்ன ஐயா, கால் உளையுதோ?"

"ஓம் தம்பி. பின்னங்கால் சதை இறுக்கிப் பிடிக்குது. நிண்டா விட்டிடும். வயசுதானே."

நான் டொக்டர் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிற்காமல் நடந்தே காட்டியிருப்பார்.

நடந்தால் வந்து, நின்றால் போய், அதே தூரத்தில் திரும்ப வரும் வலி வயதால் வருவதல்ல. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி உள்ளே கொழுப்புப் படிந்து ஒடுங்கினால் சதை இப்படித்தான் முறையிடும். புறநாடி நோய் என்பது இதுதான். கம்பஹா மாவட்டத்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களை அளந்து பார்த்தபோது நூற்றுக்கு 3.6 பேரிடம் இது இருந்தது.

1990 ஜூனில் ஊர் இடம்பெயர்ந்தபோது இவருக்கு முப்பத்தைந்து. துறைமுகம் விடுபட்டது 2017 ஜூலையில். அந்த 27 வருடத்தில் பழகியது பீடி. கடல் இல்லாத கடலோடி கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறஷர் கேட்டேன். "160க்கு 70. கீழை நல்லாத்தான் இருக்கெண்டவை" என்றார் பெருமையாக.

அந்தப் பெருமைதான் எனக்குப் பயம். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையில் 90. வெயிலில் கிடந்து விறைத்த ரப்பர் குழாய் போல நாடி இளக்கம் இழந்தால், மேலது ஏறும், கீழது இறங்கும். கீழ் எண் குறைவாய் இருப்பதைச் சுகமென்று எடுத்துவிடக் கூடாது. பிரித்தானியாவில் 42 இலட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வு, மேல் எண் 20 கூடினால் புறநாடி நோய் வரும் வாய்ப்பு 63 சதவீதம் கூடுவதாகக் கண்டது.

பிறஷர் அளக்கும் இந்த முறையே ஒருவகையில் காலும் கையும் தந்ததுதான். ரஷ்ய–ஜப்பானியப் போரில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த நிக்கொலாய் கொரொட்கொவ் என்ற சத்திரசிகிச்சையாளருக்கு ஒரே கேள்வி: அறுந்த நாடியைக் கட்டிவிட்டால் அந்த அவயவம் பிழைக்குமா? ஸ்டெதஸ்கோப்பை நாடிமேல் வைத்துக் கேட்டுக்கேட்டுத்தான், கையில் கட்டிய பட்டி தளரும்போது எழும் அந்தத் தட்டல் ஒலியை 1905இல் அறிவித்தார். இன்றும் ஸ்டெதஸ்கோப் வைத்து அளக்கும்போது காதில் விழுவது அந்த ஒலிதான். ஆனால் பட்டி கையில் மட்டும். சாரத்தை ஒருவரும் உயர்த்துவதில்லை.

உயர்த்தினால் பெரிய வேலையுமில்லை. ஆளைப் பத்து நிமிடம் படுக்கவிட்டு, கணுக்காலுக்கு மேலே பட்டியைக் கட்டி, பேனா அளவு டொப்ளர் கருவியால் நாடி ஓசை கேட்க வேண்டும். கணுக்காலின் மேல் எண்ணைக் கையின் மேல் எண்ணால் வகுப்பது. சுகமான காலில் ஒன்றுக்குக் கிட்ட வரும். 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் நோய். கை 160, கால் 104 என்றால் 0.65. சலரோகக்காரரிடம் மட்டும் கவனம்: சுண்ணாம்பு படிந்த நாடி பட்டிக்கு மசியாமல் 1.4க்கு மேலும் காட்டி ஏமாற்றும்.

காலைக் காட்டச் சொன்னேன். பெரியவர் செருப்பைக் கழற்றினார். பெருவிரலடியில் கெளிறு முள்ளுக் குத்தின காயம்.

"எப்ப குத்தினது?"

"போன மாசம். ஆறுது இல்லை."

பக்கத்து விரலை அழுத்திவிட்டேன். வெளிறியது. இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். நான் மனதுக்குள் ஏழு வரை எண்ணினேன். பிறகுதான் நான் யாரென்று சொன்னேன். வலிக்கு மட்டுமென்றால் பீடியை விட்டு, வலிக்கும்வரை நடந்து, நின்று, திரும்ப நடக்கும் பயிற்சியை முதலில் சொல்லியிருப்பேன். ஆறாத புண்ணோடு நாள் கடத்த முடியாது. இன்றைக்கே தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"மீனை வித்திட்டுப் போறன் டொக்டர்" என்று எழும்பியவர், கூடையைத் தூக்கியபடி சொன்னார்: "முந்தி நாலு லைற் போஸ்ற் நிக்காமல் நடப்பன். இப்ப ரண்டு."