வேங்கைவயல் தொட்டி: டி.என்.ஏ. எவ்வளவு சொல்லும்?

வெம்பக்கோட்டைப் பக்கம் டி.என்.ஏ. சோதனை என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. பட்டாசு ஆலை வெடித்து, கருகிய உடல் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாதபோது தாயிடம் ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். அங்கே ஓர் உடல், ஓர் ஆள். கணக்கு நேரானது.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் கதை அப்படியல்ல. 2022 டிசம்பர் 26 அன்று, தலித் மக்கள் குடித்த 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தண்ணீர் மாதிரியில் ஒரு பெண், இரண்டு ஆண்களின் டி.என்.ஏ. இருப்பதாகச் செய்தி வந்தது. பிறகு 31 பேரிடம் மாதிரி எடுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களையே வரிசையில் நிறுத்தியதால் பலர் முதலில் மறுத்தார்கள். மறுத்ததில் நியாயம் இருக்கிறது. கடைசியில் யாருடையதும் பொருந்தவில்லை.

'பொருந்துதல்' என்பதை மாணவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டி.என்.ஏ.வில் சோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள். ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒரு மாதிரியில் ஓரிடத்தில் 12, 14, 15, 17 என்று நான்கு எண்கள் வந்தால் குறைந்தது இரண்டு பேர் கலந்திருக்கிறார்கள். யாருக்கு எந்த இரண்டு? 12, 14 உள்ளவரும் பொருந்துவார், 14, 17 உள்ளவரும் பொருந்துவார். ஆறு ஜோடிகளுக்கு இடமுண்டு. மூன்றாவது ஆள் சேர்ந்தால் இன்னும் குழப்பம். தண்ணீரில் கிடந்து சிதைந்த மாதிரியில் சில எண்கள் காணாமலே போகும். பெண் இருக்கிறாரா என்பதும் கணிப்புதான், ஆணின் டி.என்.ஏ.விலும் எக்ஸ் இருக்கிறதே.

அதனால்தான் நிபுணர்கள் ஒரு விகிதம் போடுகிறார்கள். இவர் கலந்திருந்தால் இந்த மாதிரி வர எவ்வளவு வாய்ப்பு, இவருக்குப் பதில் வேறு யாரோ என்றால் எவ்வளவு? முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். விடை ஆயிரம் என்றால், 'இவர் குற்றவாளியாக இருக்க ஆயிரம் மடங்கு வாய்ப்பு' என்று அர்த்தமில்லை. அந்த 'வேறு யாரோ' யார் என்பதும் முக்கியம். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊரில் சித்தப்பா மகனுக்கும் அதே எண்கள் நிறைய இருக்கும்.

அமெரிக்காவில் 2013-ல் ஒரே கலவையை 108 ஆய்வகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கலவையில் இல்லவே இல்லாத ஒருவரை 74 ஆய்வகங்கள் 'இருக்கிறார்' என்றன. நம் உச்ச நீதிமன்றமும் 2022-ல் ஒரு டெல்லி வழக்கில், எந்த அடிப்படையில் முடிவுக்கு வந்தார்கள் என்பதை ஆராயாமல் டி.என்.ஏ. அறிக்கையை ஏற்க முடியாது என்றது.

2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. டி.என்.ஏ. கைகொடுக்காததால் கைப்பேசிப் பதிவுகளைக் காட்டி, வேங்கைவயல் தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றம் சாட்டியது. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. பிப்ரவரியில் வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது.

குற்றம் சாட்டப்பட்ட மூவரும் ஆண்கள். அறிக்கையில் இருந்ததாகச் சொன்ன அந்தப் பெண் யார்? கணிப்பு தவறா, விசாரணை தவறா? ஆய்வகத்தின் மூல வரைபடங்களை நீதிமன்றத்தில் விரித்து வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது.