நிரற்கூறு ஏற்றத்தின்போது மூலநிரலை இடைமறித்து மாற்றுதல்: பைத்தானும் தமிழ்ச் சிறப்புச்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்

பைத்தான் மொழியில் ஒரு நிரற்கூறு ஏற்றப்படும் தருணத்தில் அதன் மூலநிரலை இடைமறித்து மாற்றும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ச் சிறப்புச்சொற்களைக் கொண்ட நிரலை இம்முறையில் இயக்கும்போது சொற்களைப் பெயர்ப்பது எளிதாகவே அமைகிறது. தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் விதமும், பிழை நேர்ந்த இடத்தைச் சுட்டும் விதமுமே உண்மையான இடர்ப்பாடுகளைத் தருகின்றன என்பது இங்கு எடுத்துக்காட்டுகளுடன் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பைத்தான், நிரற்கூறு, ஏற்றி, சொற்கூறு, ஒருங்குறி, தமிழ் நிரலாக்கம்.

முன்னுரை

தமிழக மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் மாணவர்கள் பைத்தான் மொழியைப் பயில்கின்றனர். 2008இல் வெளிவந்த 3.0 பதிப்பு முதல் அம்மொழியில் குறிப்பெயர்களைத் தமிழிலேயே எழுத இயலும். ‘மதிப்பெண்’ என்றே ஒரு மாறிக்குப் பெயரிடலாம். ஆயினும் நிபந்தனை, மடக்கு, செயற்கூறு ஆகியவற்றைக் குறிக்கும் சிறப்புச்சொற்கள் ஆங்கிலமாகவே நிற்கின்றன.

இத்தடையைக் கடக்க இரு வழிகள் உள்ளன. தனியொரு மொழியையே ஆக்கிக்கொள்வது ஒன்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் இவ்வழிப்பட்டது. நிபந்தனையை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல்லைப் பின்னும் வைத்துத் தமிழின் தொடரமைப்பை அது பேணுகிறது. அதற்கெனத் தனி இலக்கணமும் அவ்விலக்கணத்தைப் பகுத்தறியும் நிரலும் எழுதப்பட வேண்டியிருந்தன. மற்றொரு வழி, பைத்தானை அப்படியே வைத்துக்கொண்டு, அது கோப்பைப் படிக்கும் கணத்தில் உரையை மட்டும் மாற்றித் தருவது. இக்கட்டுரை இரண்டாம் வழியைப் பற்றியது.

ஏற்றம் நிகழும் முறை

ஒரு நிரற்கூறை இறக்குமதி செய்யுமாறு நிரல் கேட்கும்போது, அது முன்னரே ஏற்றப்பட்டுள்ளதா என்று பைத்தான் முதலில் பார்க்கிறது. இல்லையெனில் ‘மெட்டா பாத்’ என்னும் பட்டியலிலுள்ள கண்டறிவான்களை வரிசையாக வினவுகிறது. கண்டறிவான் கோப்பின் இருப்பிடத்தையும், அதனை ஏற்ற வேண்டிய ஏற்றியையும் தெரிவிக்கிறது. ஏற்றி கோப்பைப் படித்து, உரையைப் பைட் குறிமுறையாக மாற்றி, இயக்குகிறது. இப்பட்டியல் நிரலாளரின் கைக்கு எட்டுவதாகும். அதன் தலைப்பில் தமது கண்டறிவானை வைப்பவர், வழக்கமான கண்டறிவானிடமே கோப்பைத் தேடச் சொல்லிவிட்டு, ஏற்றியை மட்டும் மாற்றி அமைக்கலாம். புதிய ஏற்றி, உரையைக் குறிமுறையாக்கும் ஒரே படிநிலையில் தலையிட்டால் போதும்.

ஜஸ்ட் வான் ரோசம், பால் மூர் ஆகியோர் எழுதிய 302ஆம் முன்மொழிவின் வழி, 2003இல் வெளிவந்த 2.3 பதிப்பில் இவ்வசதி இடம்பெற்றது. 2012இல் வந்த 3.3 பதிப்பில் இறக்குமதிப் பொறியமைவு முழுவதும் பைத்தானிலேயே மாற்றி எழுதப்பட்டதால் இடைமறிப்பு மேலும் எளிதாயிற்று.

இம்முறை அன்றாடப் பயன்பாட்டில் இருப்பதற்குச் சிறந்த சான்று பைடெஸ்ட் என்னும் சோதனைக் கருவி. ஒரு சோதனைக் கூற்று பொய்த்தால் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் பெற்ற மதிப்பை அது காட்டும். தொடக்கக் காலத்தில் பொய்த்த கூற்றை மறுமுறை மதிப்பிட்டே இதனைச் செய்தது. கூற்றுக்குள் பக்கவிளைவு இருந்தால் இரண்டாம் மதிப்பு முதலாவதனின்று வேறுபட்டு, கருவியே ஆய்வாளரைத் திசைதிருப்பும் நிலை ஏற்பட்டது. 2011இல் வந்த 2.1 பதிப்பு முதல், சோதனைக் கோப்பு ஏற்றப்படும்போதே அதன் தொடரியல் மரத்தை மாற்றி எழுதி, இடை மதிப்புகளைச் சேமித்து வைக்கிறது.

சொற்கூறுகளை அடையாளம் காணுதல்

‘எனில்’, ‘இல்லை’, ‘இல்லையெனில்’ ஆகியவற்றைச் சிறப்புச்சொற்களாகக் கொள்வோம். உரையில் ‘இல்லை’ வருமிடமெல்லாம் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை இட்டால் ‘இல்லையெனில்’ என்பதும் சிதையும். மேற்கோள் குறிகளுக்குள் திரையில் காட்டுவதற்காக எழுதிய தமிழ்த் தொடர்களும் சிதையும். எனவே உரையை முதலில் சொற்கூறுகளாகப் பிரித்த பின்னரே மாற்ற வேண்டும். பைத்தானின் நூலகத்தில் இதற்கென ‘டோக்கனைஸ்’ என்னும் நிரற்கூறு உள்ளது.

இங்கேதான் எதிர்பாராத தடை எதிர்ப்படுகிறது. 3.11 வரையிலான பதிப்புகளில் இந்நிரற்கூறு குறிப்பெயர்களைச் சுருங்குறித் தொடர் ஒன்றால் அடையாளம் கண்டது. அத்தொடரின் ‘சொல்லெழுத்து’ என்னும் வகுப்பில் தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்கா. அதனால் ‘தமிழ்’ என்னும் சொல் ‘தம’, ‘ழ’ என இரு துண்டாகும். ‘மதிப்பெண்’ என்பதோ ‘மத’, ‘ப’, ‘ப’, ‘ண’ என்று நான்காகச் சிதறி, இடைப்பட்ட குறிகள் பிழைக்கூறுகளாக வெளிப்படும். நிரலை உண்மையில் இயக்கும் பகுதியோ அதே சொல்லை முழுக் குறிப்பெயராக ஏற்றது. ஒரே மொழியின் இரு வாயில்கள் தமிழை இருவிதமாக நடத்தின என்பது கருதத்தக்கது. 2023இல் வந்த 3.12 பதிப்பில் ‘டோக்கனைஸ்’, இயக்கும் பகுதி கையாளும் அதே பகுப்பானைச் சார்ந்து அமைக்கப்பட்டதால் இவ்வேறுபாடு நீங்கியது. அதற்கு முந்தைய பதிப்புகளில் தமிழ் நிரலை மாற்ற விழைவோர் பகுப்பானைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒருங்குறியில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொடு’ என்னும் சொல்லின் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம். எகரக் குறியும் கால் குறியுமாக இரு குறியீடுகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறிப்பெயர்களைப் பைத்தான் இயல்பாகவே ஒருநிலைப்படுத்திவிடும். இடைமறிக்கும் நிரலின் சொற்பட்டியலுக்கு அப்பாதுகாப்பு இல்லை. ஒப்பிடுமுன் ஒருநிலைப்படுத்தத் தவறினால், ஒரு விசைப்பலகையில் எழுதிய நிரல் இயங்கும். மற்றொன்றில் எழுதியது பிழை காட்டும்.

பிழை சுட்டும் இடம்

சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘எனில் மதிப்பெண் > 35:’ என்னும் ஆங்கிலத் தொடரமைப்பே எஞ்சும். ‘மதிப்பெண் > 35 எனில்:’ என்று எழுத வேண்டுமாயின், இறுதியிலுள்ள சொல்லை நீக்கி அதற்குரிய ஆங்கிலச் சொல்லை வரியின் தொடக்கத்தில் வைக்க வேண்டும். வரி எண் மாறாது. வரிக்குள் இடம் மாறும்.

‘மதிப்பெண்’ வரையறுக்கப்படாத மாறி என்று கொள்க. ‘இஃப்’ என்னும் ஈரெழுத்து ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் முன்னால் சேர்வதால், அம்மாறி மாற்றப்பட்ட வரியில் 3ஆம் பைட்டில் தொடங்கி 30இல் முடியும். 3.11 பதிப்பு முதல் பைத்தான் பிழைக்குரிய பகுதியைக் கீழ்க்குறியிட்டுக் காட்டுகிறது. அவ்வாறு காட்டும்போது அது எடுத்துக்காட்டுவது வட்டிலுள்ள மூல வரியை. இட எண்களோ மாற்றப்பட்ட வரிக்குரியவை. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால், கீழ்க்குறி ‘ம’வை விட்டு ‘தி’யில் தொடங்கி ஒப்பீட்டுக் குறியையும் உட்கொண்டு முடியும். பிழையைத் தேடும் மாணவர், ஒப்பீட்டில்தான் தவறு என்று எண்ணுவதற்கு இது போதும்.

மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகளைப் பயன்படுத்துவோர் இந்நிலையை உணர்வர். வாசிப்பது பிரித்த பாடமாயினும், சீரையும் தளையையும் சுட்டுவதற்குப் பிரிக்காத பாடத்திற்கே திரும்ப வேண்டும். நிரலிலும் அவ்வாறே. மாற்றும்போதே பழைய இடத்தையும் புதிய இடத்தையும் இணைக்கும் அட்டவணையொன்றை உருவாக்கி, தொடரியல் மரத்தின் கணுக்களில் மூல இட எண்களை மீளப் பொருத்திய பின்னரே பைட் குறிமுறையாக்குதல் வேண்டும். சொற்களை மாற்றுவதைக் காட்டிலும் உழைப்பு மிகுந்த பகுதி இதுவே.

சேமிப்பும் தொடக்கக் கோப்பும்

பைட் குறிமுறையைப் பைத்தான் வட்டில் சேமித்து வைக்கிறது. மூலக்கோப்பின் அளவும் அது திருத்தப்பட்ட நேரமும் மாறாதவரை, இயல்பாகச் சேமித்ததையே மீண்டும் எடுக்கும். சொற்பட்டியலில் ஒரு சொல்லைத் திருத்தினால் மூலக்கோப்பு மாறுவதில்லையாதலால் பழைய மாற்றமே தொடர்ந்து இயங்கும். பைடெஸ்ட் தனது பதிப்பெண்ணைக் கோப்புப் பெயரில் சேர்த்துத் தனியே சேமிக்கிறது. தமிழ்ச் சொற்பட்டியலுக்கும் அவ்வாறு பதிப்பெண் இடுவது தக்கது.

இறுதியாக, கட்டளை வரியிலிருந்து நேரடியாக இயக்கப்படும் கோப்பு மேற்கண்ட கண்டறிவான்களின் வழியே செல்வதில்லை. இடைமறிப்பை நிறுவி, தமிழ்க் கோப்பை இறக்குமதி செய்யும் சிறு தொடக்கக் கோப்பு ஒன்று தேவைப்படும். அதனை வழக்கமான ஆங்கிலச் சிறப்புச்சொற்களாலேயே எழுத வேண்டியுள்ளது.