விழுங்கிய மாத்திரை உடலில் என்ன ஆகிறது?

"காய்ச்சலுக்கு ஒரு மாத்திரைதானே, டாக்டர்? அதைக்கூடச் சொல்ல வேண்டுமா?" என்று நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் கேட்பதுண்டு. சொல்லத்தான் வேண்டும். ஏன் என்பதை இங்கே விளக்குகிறோம்.

நாம் விழுங்கும் மருந்துகள் பல, அதே வடிவில் உடலைவிட்டு வெளியேறுவதில்லை. கல்லீரல் அவற்றை வேறு பொருள்களாக மாற்றுகிறது. இவை வளர்சிதைப் பொருள்கள் எனப்படும். பாராசிட்டமாலின் பெரும்பகுதி குளுக்குரோனிக் அமிலத்துடனோ சல்பேட்டுடனோ இணைந்து, தீங்கின்றிச் சிறுநீரில் கழிகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் கல்லீரலைத் தாக்கவல்ல நச்சுப்பொருளாகிறது. கல்லீரலிலுள்ள குளுட்டாதயோன் அதனைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. மருந்தின் அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும். கல்லீரல் செல்கள் அழியத் தொடங்கும்.

கண்ணுக்குத் தெரியாத இப்பொருள்களை எவ்வாறு கண்டறிகின்றனர்? மருந்து ஆய்வுக்கூடங்களில் நிறை நிறமாலைமானி என்னும் கருவி, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள மூலக்கூறுகளின் நிறையை அளக்கிறது. பாராசிட்டமாலின் மூலக்கூறு நிறை 151. குளுக்குரோனிக் அமிலப் பகுதி இணைந்தால் 176 கூடி 327 ஆகும். சல்பேட் இணைந்தால் 80 கூடி 231 ஆகும். நச்சுப்பொருள் நேரில் அகப்படுவது அரிது. குளுட்டாதயோன் அதனைப் பிடித்ததன் எச்சம் 312 என்னும் நிறையில் சிறுநீரில் தென்படும்.

ஒரே மாதிரியில் ஆயிரக்கணக்கான பொருள்கள் பதிவாகலாம். அவற்றைச் சலித்தெடுப்பது மென்பொருளின் பணி. மருந்து உட்கொள்ளுமுன் எடுத்த மாதிரியோடு பின்னர் எடுத்ததை அது ஒப்பிடுகிறது. புதிதாகத் தோன்றியவற்றுள், எதிர்பார்க்கும் நிறை வேறுபாடு உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. மூலக்கூறை உடைத்தால் கிடைக்கும் துண்டுகள் மூல மருந்தின் துண்டுகளோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்கிறது. ஆயினும், ஒரே நிறையுடைய இரு வேறு பொருள்கள் இருக்கக்கூடும். ஆதலால் இறுதி முடிவை வல்லுநரே எடுக்கிறார்.

இது மருத்துவமனையில் அன்றாடம் செய்யும் பரிசோதனை அன்று. நீங்கள் சொல்லாமல் விட்ட மருந்தை வழக்கமான இரத்தப் பரிசோதனை எங்களுக்குக் காட்டித்தராது. சளி மாத்திரை, உடல்வலி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்துள்ளது. இரண்டு மூன்றைச் சேர்த்து உட்கொள்வோர் அறியாமலேயே அளவைக் கடக்கக்கூடும். அளவு மீறியது தெரிந்தால், குமட்டலோ மஞ்சள் காமாலையோ தோன்றும்வரை காத்திராமல் உடனே வாருங்கள். முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீன், முதல் 8 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டால் மிகச் சிறந்த பலன் தரும்.

அடுத்த முறை வரும்போது, நாட்டு மருந்து உட்பட வீட்டில் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். அந்தப் பையைப் பார்த்தபின் சீட்டு எழுதுவதே எங்களுக்கும் நிறைவு.