படம் எடுக்கப் போகுமுன்

சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய வேளையில், எமது மாணவி ஒருத்தி அடையாள அட்டைக்கு எடுத்த படம் திரும்பி வந்துவிட்டது. வெள்ளைப் பர்தா, பின்னால் வெளிர்நிறத் திரை. துணி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நெற்றியில் மடிப்பின் நிழல் வேறு. "பர்தாவைக் கழற்றச் சொல்வார்களோ?" என்று அவளது உம்மா கலங்கிப்போனார்.

கழற்றத் தேவையில்லை. கடவுச்சீட்டுப் படத்துக்கான சர்வதேச விதியே சமயக் காரணத்துக்காகத் தலையை மறைக்க இடமளிக்கிறது. நாடியிலிருந்து நெற்றிவரை முகம் நிழலின்றித் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கோளாறு நிறத்தில்தான். வெள்ளை அதிகமானால் கமெரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், முகம் கறுத்துவிடும். முழுக் கறுப்போ முகத்தை வெளிறச் செய்துவிடும். (வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாகப் போய் உட்காரும் எம்மவர்களுக்கும் இது பொருந்தும்!) கருநீலம், கரும்பச்சை போன்ற ஒரே நிறத்தில், மினுக்கமில்லாத பருத்தித் துணியே நல்லது. பூவேலையும் கல்வேலையும் கல்யாண வீட்டுக்கு இருக்கட்டும். உள்தொப்பி அணிந்து, பர்தாவை நெற்றிக்கு மேலே இழுத்து, நாடிக்குக் கீழே ஊசி குத்துங்கள். புறப்படுமுன் ஜன்னலோரம் கண்ணாடியில் பாருங்கள். நிழல் விழுந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த மாணவி சாச்சியின் கருநீலப் பர்தாவை இரவல் வாங்கிக்கொண்டு மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனாள். இம்முறை படம் திரும்பி வரவில்லை.