நிறமும் பெயரும்

வெள்ளையர், கறுப்பர், மஞ்சள் இனத்தார் என்று மக்களைப் பகுத்துப் பேசுவது நம் செவிக்குப் பழகிப்போன வழக்கம். ஆனால், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வெள்ளையர் எனப்படும் ஒருவரின் கையருகே வைத்துப் பாருங்கள். தாள் வெண்மையாக இருக்கும். கை இளஞ்சிவப்பாகவோ வெளிர்ப் பழுப்பாகவோ தோன்றும். மஞ்சள் கிழங்கின் நிறமும் எந்தச் சீனரின் மேனியிலும் இல்லை. கண்ணுக்குத் தோன்றாத நிறம் சொல்லில் மட்டும் எவ்வாறு வந்து புகுந்தது?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் பயண வரலாற்றைக் கூறிய வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ, ஜப்பானிய மக்களை வெள்ளை நிறத்தினர் என்றே குறித்தார். ஆசியரை மஞ்சள் நிறத்தினர் ஆக்கியவை பிற்காலத்து ஏடுகளே. 1735இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், செடி கொடிகளையும் விலங்குகளையும் வகைப்படுத்திய தம் நூலில் மனிதரையும் நான்காகப் பகுத்தார். ஐரோப்பியருக்கு வெண்மை, அமெரிக்கப் பழங்குடியினருக்குச் செம்மை, ஆசியருக்குப் பழுப்பு, ஆப்பிரிக்கருக்குக் கருமை என்று நிறம் வகுத்தார். 1758இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலோ, ஆசியரின் நிறம் வெளிறிய மஞ்சளாகிவிட்டது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் ஆசிய மக்களின் தோல் மாறவில்லை. மாறியது சொல் ஒன்றே.

1795இல் ஜெர்மானியப் பேராசிரியர் புளூமன்பாக் மனிதரை ஐந்து வகையாக்கினார். காக்கேசிய மலைப்பக்கத்து ஜார்ஜிய மக்களே அழகிற் சிறந்தவர் என்று கருதி, ஐரோப்பியர் அடங்கிய வகைக்குக் காக்கேசியர் என்று பெயரிட்டார். அவ்வகையின் எல்லையைக் கங்கைக் கரைவரையில் நீட்டினார். ஒரு வகை மற்றொன்றோடு சிறிது சிறிதாகக் கலந்து நிற்பதால், இடையே கோடு கிழிக்க இயலாது என்பதையும் அவரே எடுத்துரைத்தார். பின்வந்தோர் பெயரைப் பற்றிக்கொண்டனர், எச்சரிக்கையை மறந்தனர்.

இத்தகைய சொற்கள் ஏட்டோடு நின்றிருந்தால் தீங்கு குறைவு. அவை சட்டத்திலும் இடம்பெற்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1790இல் இயற்றிய சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்தோருள் சுதந்தரமான வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. 1870இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் அவ்வுரிமை அளிக்கப்பட்டது. இவ்விரண்டிலும் சேராத ஆசியர் என் செய்வர்? தாமும் வெள்ளையரே என்று வழக்காடப் புகுந்தனர்.

ஜப்பானில் பிறந்து, 20 ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் வாழ்ந்த தாக்காவோ ஒசாவா அவ்வாறு வழக்காடியவருள் ஒருவர். ஜப்பானியரின் மேனியும் வெண்மையானதே என்பது அவர் தரப்பு வாதங்களுள் ஒன்று. 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வெள்ளையர் என்னும் சொல் தோலின் நிறத்தைக் குறிப்பதன்று, காக்கேசிய இனத்தையே குறிக்கும் என்று விளக்கம் கூறியது.

மூன்று மாதம் கழிந்தது. பஞ்சாபில் பிறந்தவரும், முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணிபுரிந்தவருமான பகத் சிங் திந்த் என்னும் சீக்கியரின் வழக்கு அதே மன்றத்தின்முன் வந்தது. விஞ்ஞானிகளின் பகுப்பின்படி தாம் காக்கேசியர்; ஆகவே வெள்ளையர் என்று அவர் வாதிட்டார். 1923 பிப்ரவரியில் வந்த தீர்ப்போ, விஞ்ஞானிகளின் பகுப்பு இங்கே செல்லாது என்றது. சாதாரண மனிதன் யாரை வெள்ளையராகக் கொள்கிறானோ அவரே வெள்ளையர் என்றது. இரு தீர்ப்புகளையும் எழுதிய நீதிபதி சதர்லண்ட் என்னும் ஒருவரே! ஜப்பானியருக்கு நிறம் போதாது, இனம் வேண்டும்; இந்தியருக்கு இனம் போதாது, பிறர் ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று.

இதனால் விளைந்த துன்பம் சிறிதன்று. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதனை இழந்தனர். குடியுரிமைக்குத் தகுதியற்றோர் நிலம் வாங்கலாகாது என்ற சட்டம் கலிபோர்னியாவில் இருந்தமையால், அங்கு உழுது பயிரிட்ட இந்தியர் நிலவுரிமையும் அற்றுப் போயினர். 1946இல்தான் இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது; 1952இல் அச்சட்டத்திலிருந்து இனத்தடை முற்றும் நீங்கியது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் இக்கதையையே கூறுகிறது. 1920 முதல் 1940 வரை எடுத்த கணக்குகளில், நிறம் அல்லது இனம் என்ற தலைப்பின்கீழ் இந்தியர் அனைவரும் 'இந்து' என்று பதியப்பட்டனர். சீக்கியரும் முஸ்லிம்களும் அதற்கு விலக்கல்லர். 1970இல் இந்தியர் வெள்ளையரோடு சேர்த்து எண்ணப்பட்டனர். 1980இல் 'ஆசிய இந்தியர்' ஆயினர்.

உண்மையில், தோலின் நிறத்துக்கு முதன்மையான காரணம் மெலனின் என்னும் நிறப்பொருள். அதை உண்டாக்கும் உயிரணுக்கள் எல்லா மக்களிடமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் உள்ளன. உண்டாகும் பொருளின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. கடும் வெயில் நாடுகளில் வழிவழியாக வாழ்ந்தோரிடம் அது மிகுந்தும், வெயில் குறைந்த நாடுகளில் வாழ்ந்தோரிடம் குறைந்தும் காணப்படுகிறது. அந்த வேறுபாடும் படிப்படியானதே. ஒரு நிறம் முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லைக்கல் எங்கும் நடப்பட்டிருக்கவில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, வரலாற்று நூல்களில் இந்நிறப் பெயர்களைக் காணும்போது, அவை தோலைக் குறிக்கின்றன என்று எண்ணி அமைந்துவிடாதீர்கள். அப்பெயரை இட்டவர் யார், அதனால் உரிமை பெற்றவர் யார், இழந்தவர் யார் என்று கேளுங்கள். அவற்றின் பொருள் அங்கேதான் விளங்கும்.